தலைக்குத் தலை

மார்ச் 4, செவ்வாய்

வாஷிங் மெஷின் மறுபடியும் தண்ணீரை வெளியே விடாமல் மக்கர் செய்கிறது. ஒன்பதாம் வகுப்புத் தாள்களில் பாதிகூடத் திருத்தவில்லை. சாயங்காலம் வேன்காரர் அப்பாவை இறக்கிவிட்டு, பகல் காப்பகத்தில் கொடுக்கச் சொன்னார்கள் என்று ஒரு உறையை நீட்டினார். போன வாரம் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போன மேற்பார்வையாளர் அம்மாவின் அறிக்கை. எல்லாம் இங்கிலீஷில்.

சாப்பாடு – சரி. மருந்து – சரி. வீடு – சுத்தம். தோற்றம் – அன்கெம்ப்ட் (unkempt).

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே திரும்பத் திரும்பப் படித்தேன். அன்கெம்ப்ட்! இத்தனை வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார். தலை காக்கைக் கூடு. தாடி மார்பைத் தொடப் பார்க்கிறது. என்ன செய்ய? அவர் தொட விட்டால்தானே.

மார்ச் 5, புதன்

அறிக்கையின் நகல் அண்ணனுக்கும் போயிருக்கிறது. மதிய இடைவேளையில் போன்.

"நீ தப்பா எடுத்துக்காத. உன்னால முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடு. எங்க வீட்டுப் பக்கத்துலயே முழுநேர இல்லம் ஒண்ணு இருக்கு. நல்ல இடம். ஆள் வெச்சுக் குளிப்பாட்டி, சீவி விட்டு, நீட்டா வெச்சுப்பாங்க."

பின்னால் அண்ணியின் குரல்: "பாவம், அவங்க வேலைக்கும் போய்க்கிட்டு…"

இந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதைப் போல ஆளைக் குத்துகிற ஆயுதம் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து அண்ணன் வந்தது எத்தனை தடவை? வந்தபோதும் செல்போன் சார்ஜர் எங்கே என்று கேட்டதைத் தவிர வேறென்ன கேட்டான்? குளிப்பாட்டுவது நான். மாத்திரை நான். ராத்திரி இருமினால் எழுந்திருப்பது நான். நோகாமல் நொங்கு தின்கிறவனுக்கு என் வீட்டுத் தலையைப் பற்றி என்ன அக்கறை?

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். மணி அடிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

அகராதியை எடுத்தேன். தெரியாமல் இல்லை, சண்டைக்குப் போகும்போது கையில் ஏதாவது வேண்டும்.

பழைய அர்த்தம் 'சீவாத' என்பதுதான். சீப்புக்கு இருந்த ஒரு பழைய சொல்லிலிருந்து வந்தது. முதலில் தலைமுடிக்கு மட்டும். பிறகு தாடிக்கு, தோட்டத்துக்கு, புல்வெளிக்கு, வீட்டுக்கு, கடைசியில் முழு மனுஷனுக்கும். யாரும் பார்த்துக்கொள்ளாமல் விட்டது எதுவோ அது அன்கெம்ப்ட்.

'அன்டைடி' என்று எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அன்டைடி ஒரு காலை நேரத்து விஷயம். தூங்கி எழுந்த தலை, மடிக்காத போர்வை. மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். அன்கெம்ப்ட் அப்படியில்லை. அதில் வாரக்கணக்கு இருக்கிறது. அதைக் கேட்டவுடனே கேட்கிறவர் கண் அந்தத் தலையை விட்டு நகர்ந்து பக்கத்தில் ஆளைத் தேடும். இவரைப் பார்த்துக்க வேண்டியது யாரு?

நான். வேறு யார்.

பரட்டை என்று எழுதியிருக்கலாம் அந்த அம்மா. பரட்டை என்றால் பரட்டைக்காரரோடு போய்விடும், என்மேல் ஒட்டாது.

மார்ச் 8, சனி

இன்று போர்.

காலையில் அவர் கண்ணயர்ந்திருந்தபோது மெதுவாகச் சீவிவிட்டேன். விழித்ததும் தலையைத் தடவிப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நல்லா இருக்கிற வலது கையால் பரபரவென்று கலைத்துவிட்டார். குழந்தையா நீங்க என்று கத்தினேன்.

மூலைக் கடை சலூன்காரரை வீட்டுக்கே கூட்டிவந்தேன். வந்தவர் துணியை உதறி அப்பா கழுத்தில் கட்டப் போனார். அப்பா அவர் கத்தரியை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதால காகிதம் வெட்டறியா, தலை வெட்டறியா?" அவ்வளவுதான். மனுஷன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன்.

வயிறு எரிவது எதற்கென்றால், இந்த அப்பா யார்? வாழ்நாள் முழுக்க முடி வெட்டியவர். சொந்தக் கடை, சுழல் நாற்காலி, இரண்டு பக்கமும் கண்ணாடி. ஒருத்தர் எழுந்ததும் நாற்காலிக் கையில் சீப்பால் டக் டக் என்று தட்டுவார், அடுத்த ஆள் வரலாம் என்று அர்த்தம். அவர் தலையில் ஒரு முடி இடம் மாறி நான் பார்த்ததில்லை. "என் தலைதான் கடையோட போர்டு" என்பார். இடது கையில் சீப்பு, வலது கையில் கத்தரி, இரண்டும் சேர்ந்தால்தான் தொழில். இடது கை போனதும் கடையும் போனது.

அந்த மனுஷர் தலைக்குத்தான் அன்கெம்ப்ட் பட்டம். வாங்கிக் கொடுத்தது நான்.

மார்ச் 11, செவ்வாய்

வீம்புக்கு அந்த வார்த்தையையே ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதினேன். ஆளுக்கொரு வாக்கியம் எழுதுங்கள் என்றேன்.

வாட்ச்மேன் லீவில் இருப்பதால் பள்ளித் தோட்டம் அன்கெம்ப்ட். சரி. எங்கள் நாய் அன்கெம்ப்ட், ஆனால் சந்தோஷமாக இருக்கிறது. சரி, சிரித்துவிட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அப்பா அன்கெம்ப்ட் ஆகிவிட்டார். இதற்குச் சிரிக்கவில்லை.

கடைசி பெஞ்சுக்காரி எழுதியிருந்தாள்: இப்போதெல்லாம் எங்கள் மிஸ் அன்கெம்ப்ட்.

ரத்தம் தலைக்கு ஏறியது. கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். வாக்கியத்தில் தப்பு இல்லை. சிவப்பு மையில் ஒரு டிக் போட்டுக் கொடுத்தேன், கொஞ்சம் அழுத்தமாக.

மார்ச் 13, வியாழன்

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காப்பகத்துக்குப் போனேன். மேற்பார்வையாளர் அம்மா மேசையில் சூப்பு ஆறிப்போய்க் கிடந்தது. நான் சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன், அவர் சாப்பிடவே நேரமில்லாமல் இருந்தார். அதுவும் எரிச்சல்தான்.

"நீங்க எழுதின வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் டீச்சர். தலை சீவலை, தாடி எடுக்கலை."

"அது இல்லைங்க அர்த்தம். பார்த்துக்க ஆள் இல்லாதவர்னு அர்த்தம். அவரை நான் பார்த்துக்கலைன்னு எழுதியிருக்கீங்க."

"நாங்க எல்லாருக்கும் அதைத்தான் டீச்சர் எழுதுவோம். எங்களுக்குச் சொல்லிக்குடுத்த வார்த்தை அது. கண்ணுக்குப் பட்டதை எழுதினேன்."

ஒரு வார்த்தையை எல்லாருக்கும் போடுகிறார்கள், ஒரே சைஸ் சட்டை மாதிரி. யாருக்கு எங்கே கிழிகிறது என்று பார்ப்பதில்லை.

பிறகு அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார். இருபத்தெட்டாம் தேதி மறுபடி வருவாராம். அப்போதும் இப்படியே இருந்தால், முழுநேர இல்லத்துக்குப் பரிந்துரை எழுத வேண்டிவரும். "உங்க அண்ணனும் போன் பண்ணி அதைத்தான் கேட்டார்."

கேட்டானாம்! என்னிடம் 'உன்னால முடியலைன்னா சொல்லிடு' என்றவன், நான் சொல்வதற்குள் அங்கே போய்ச் சொல்லிவிட்டான்.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். கோபத்தில்தான். எனக்குக் கோபம் வந்தால் அழுகை வரும், அதைப் பார்த்து எல்லாரும் பாவம் என்பார்கள். அதற்கும் சேர்த்துக் கோபம் வரும்.

மார்ச் 16, ஞாயிறு

கடைசி ஆயுதம் என்று எதிர்க்கடை மாமாவைக் கூப்பிட்டேன். அப்பா கடைக்கு நேர் எதிரே அவர் கடை. போட்டிக் கடை, ஆனால் இருவரும் நகமும் சதையும். அப்பா தலையை எப்போதும் அவர்தான் வெட்டுவார். இவருக்காவது இசைவார் என்று நம்பினேன்.

மாமா தோல் பையோடு வந்தார். டீ குடித்தார்கள். பழைய வாடிக்கையாளர் ஒருத்தரின் வழுக்கையைப் பற்றிப் பேசி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா பையைத் திறந்ததும் அப்பா முகம் மாறியது.

"வேண்டாம்பா."

"சரி, வேண்டாம்." மாமா பையை மூடிவிட்டார். உடனே! ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை!

வாசலில் அவரை மடக்கிக்கொண்டேன். என்ன மாமா இது, நீங்களும் கூட்டா? அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்க தொழில்ல எவனும் தன் தலையைத் தானே வெட்டிக்க முடியாது இல்லையாம்மா. அதனால ஜோடி பிடிச்சுக்குவோம். நான் உங்கப்பாவுக்கு வெட்டுவேன். அவர் எழுந்ததும் அதே நாற்காலியில நான் உக்காருவேன், அவர் எனக்கு வெட்டுவார். தலைக்குத் தலை. வெட்டிக்கிட்டுத் திருப்பி வெட்டாம எழுந்து போனா அவனைத் தொழில்காரன்னு நாங்க மதிக்க மாட்டோம். இப்ப உங்கப்பாவால திருப்ப முடியாது. அதான் தலையைக் குடுக்க மாட்டேங்கறார்."

"உங்களுக்கு அவர் திருப்பணும்னு இருக்கா?"

"எனக்கு இல்லைம்மா. அவருக்கு இருக்கே."

"அவருக்கு வந்தது வாதம் மாமா. நீங்க ரெண்டு பேரும் பண்றது பிடிவாதம்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பாவைக் கொண்டுபோய் ஒரு இல்லத்தில் போடப் போகிறார்கள், இவர்களுக்கு மரியாதை முறை வேண்டியிருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. எல்லார்மேலும் கோபம்.

மார்ச் 22, சனி

கேட்டேவிட்டேன். அவருக்குச் சட்டை மாற்றிவிட்டு, பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டேன். மாமா சொன்னது நிஜமா?

ஆமாம் என்று தலையை ஆட்டினார். வாதத்துக்குப் பிறகு பேச்சு கொஞ்சம் இழுக்கிறது, அதனால் குறைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "காசு குடுத்து உக்காந்தா நான் கஸ்டமர். அவன் சும்மா வெட்டினா நான் பிச்சைக்காரன்."

"நான் சீவினா?"

"நோயாளி."

பொத்தானை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நோயாளிதானே நீங்க! நோயாளி இல்லாமல் யாருக்கு நான் மாத்திரை எண்ணிப் போடுகிறேன்? குளிப்பாட்டலாம், சட்டை போட்டுவிடலாம், மலம்கூடக் கழுவிவிடலாம். அதற்கெல்லாம் வராத ரோஷம் தலையைத் தொட்டால் மட்டும் வந்துவிடுகிறது.

தலை மட்டும்தான் மிச்சம் என்று நினைக்கிறாரோ.

மார்ச் 23, ஞாயிறு

கை வலிக்கிறது, இருந்தாலும் இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் அண்ணன் போன் செய்தான். வெள்ளிக்கிழமை அவனும் வருகிறானாம், இல்லத்தின் விண்ணப்பப் பாரங்களை நிரப்பி எடுத்துக்கொண்டு. "கையெழுத்து மட்டும் போட்டா போதும், உனக்கு ஒரு சிரமமும் இல்லை." எனக்குச் சிரமம் இல்லையாம்.

போனை வைத்துவிட்டு வந்து அப்பா முன்னால் நின்று கத்தினேன். இந்த வீட்டில் நான் இப்படிக் கத்தியதே இல்லை.

"உங்க ரோஷத்தால உங்களைக் கொண்டுபோகப் போறாங்க, தெரியுதா? அப்புறம் அங்க எவனோ மெஷினைப் போட்டு ஒட்ட வழிச்சு விடுவான், அப்ப யார்கிட்ட போய்த் தலைக்குத் தலை கேப்பீங்க? உங்க தலையை அந்த அம்மா பார்த்தாங்க. அண்ணன் பார்த்தான். ஊரே பார்க்குது. என் தலையை யாராவது பார்த்தீங்களா? எனக்கும் கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்குன்னு இந்த வீட்ல யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

மூச்சு வாங்கியது. நின்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். முகத்தை இல்லை, தலையை. கடைக்கு வருகிற ஆளைப் பார்ப்பது போல, சுற்றி, கழுத்துவரை. வாதம் வந்ததிலிருந்து நான் கண்ணாடி முன் நின்று சீவியதில்லை. முறுக்கி ஒரு கிளிப், அவ்வளவுதான். அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

"கிளிப்பை எடு" என்றார். "உக்காரு."

"எதுக்கு?"

"உக்காருன்னா உக்காரு."

அவர் நாற்காலிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பிடரியில் முடி சிக்கி உருண்டு, நார் மாதிரி ஆகியிருந்தது. அவர் கை அதைத் தொட்டு நின்றது. "பொம்பளைத் தலை எனக்குப் பழக்கம் இல்லை" என்றார். பிறகு தூக்க முடியாத இடது கையை வலது கையால் எடுத்து என் தோள்மேல் வைத்தார். அந்தக் கையின் கனத்தில் என் முடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சீப்பை எடுத்தார்.

"வேர்ல இருந்து இழுக்கக் கூடாது. நுனியில ஆரம்பிக்கணும்."

நுனியில் ஆரம்பித்தார். கொஞ்சம் சீவுவார், கை சோர்ந்துவிடும், நிறுத்துவார். சீப்பு நழுவும், நான் குனிந்து எடுத்துக் கொடுப்பேன். ஒரு இடத்தில்கூட வலிக்கவில்லை. வெயில் ஜன்னலை விட்டுப் போய்விட்டது. கடைசிச் சிக்கு விட்டதும் உச்சியிலிருந்து கீழே வரை ஒரே இழுப்பாகச் சீப்பு இறங்கியது. நான் அழுதுகொண்டிருந்தேன். இந்தத் தடவை கோபம் இல்லை. எத்தனை மாதமாக என்னை யாரும் தொடவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா நாற்காலிக் கையில் சீப்பால் தட்டினார். டக் டக்.

"ஆச்சு. எழுந்திரு."

எழுந்தேன். சீப்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தார்.

"இப்ப நீ."

சீவினேன். பிறகு அவருடைய பெட்டியிலிருந்து கத்தரியை எடுத்துவரச் சொன்னார். வாழ்க்கையில் நான் கத்தரியால் வெட்டியது பேப்பரும் நூலும்தான். அவர் சொல்லச் சொல்ல வெட்டினேன். காதுப் பக்கம் பரவாயில்லை. பின்பக்கம் படிக்கட்டு. கைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என் கடையில நீ வேலைக்கு வந்திருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். மறுபடி கலைத்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கலைக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

அண்ணனும் மேற்பார்வையாளர் அம்மாவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் கையில் பாரங்கள். அப்பா, நான் மழித்துவிட்ட முகமும் படிக்கட்டுத் தலையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யார் இப்படிக் கன்னாபின்னான்னு வெட்டினது?" அண்ணனின் முதல் கேள்வி.

"நான்தான்" என்றேன்.

மேற்பார்வையாளர் அம்மா அப்பாவைச் சுற்றி வந்து பார்த்தார். பின்பக்கம் வந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். அண்ணன் அவரிடம் தணிந்த குரலில், "நீங்க வர்றீங்கன்னு இன்னிக்கு மட்டும் பண்ணியிருக்கா. தினமும் இப்படி இருக்காது" என்றான். என் காதுபடவே! டீக் கோப்பையை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார்.

"தினமும் நான் அவளுக்கு. அவ எனக்கு." மூச்சு எடுத்துக்கொண்டார். "என் தலைக்கு ஆள் இருக்கு. அவ தலைக்கும் ஆள் இருக்கு."

அந்த அம்மா என் தலையைப் பார்த்தார். நடு வகிடு, நேர்க்கோடு. தொழில்காரர் எடுத்த வகிடு. எழுதிக்கொண்டார்.

அண்ணன் பாரங்களை மடித்துப் பைக்குள் வைக்கும்போது அப்பா அவனை உற்றுப் பார்த்தார். "உனக்கு யாருப்பா வெட்டறது? காதுக்கு மேல கோணியிருக்கு. உக்காரு, சீவியாவது விடறேன்."

"இல்லைப்பா, வண்டி வெளியில நிக்குது."

போய்விட்டான். வாசல்வரை போனவன் காதுக்கு மேல் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். பாவம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முந்தாநாள் வேன்காரர் அறிக்கை கொண்டுவந்தார். சாப்பாடு – சரி. மருந்து – சரி. வீடு – சுத்தம். தோற்றம் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான். பரிந்துரை எதுவும் இல்லை.

ஒரு கோடு! அவ்வளவு சண்டை, அவ்வளவு அழுகை, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை, கடைசியில் ஒரு கோடு. முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு வேறு என்னதான் எழுதுவார் என்று யோசித்தேன். 'அன்'னைக் கழற்றிவிட்டால் மிஞ்சுகிற 'கெம்ப்ட்' அகராதியில் இருக்கிறது, ஆனால் வேடிக்கைக்குத் தவிர யாரும் சொல்வதில்லை. கவனிக்காமல் விட்டால் சொல்ல உடனே வார்த்தை வருகிறது. கவனித்துக்கொண்டால் யாரும் எதுவும் சொல்வதில்லை. நாளைக்கு ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்ல வேண்டும். கடைசி பெஞ்சுக்காரி பக்கம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அண்ணன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம், இருக்கட்டும். வாஷிங் மெஷினும் அப்படியேதான் இருக்கிறது.

கூடத்தில் நாற்காலிக் கையில் சீப்பு தட்டுகிற சத்தம். டக் டக். இன்று என் முறை முதலில். எழுதுவதை நிறுத்துகிறேன், கிளிப்பைக் கழற்ற வேண்டும்.